நாணும் வில்லும்: பிரித்து மாட்டும் ஒரு மரவில் சொல்லித்தந்தவை

ஒன்பதாம் வகுப்பில் வட்டப் பாடம் தொடங்கிய அன்று கரும்பலகையில் 'நாண்' என்று எழுதி, "இதற்கு என்ன பொருள்?" என்று கேட்டேன். "வெட்கம் சார்" என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது. அவன் சொன்னதும் தவறில்லை. ஆனால் வட்டத்தின் மீதுள்ள இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்திலேயே 'வில்' என்று எழுதினேன். அப்போதும் தெரியவில்லை. வில்லைத் திரையில் பார்த்திருக்கிறார்கள். கையில் பிடித்தவர் ஒருவரும் இல்லை.

வில்லின் கயிறுதான் நாண். வடமொழியில் அது ஜ்யா. கி.பி. 499இல் ஆரியபட்டர் எழுதிய நூலில் வரும் 'அரை நாண்' கணக்குகள்தாம் இன்றைய சைன் அட்டவணைக்கு மூலம். ஜ்யா என்ற சொல் அரபியில் ஜிபா ஆயிற்று. உயிர்க்குறி இல்லாமல் எழுதியதை ஜைப் என்று வாசித்து, மடிப்பு என்று பொருள் கொண்டு, லத்தீனில் சைனஸ் என்று மொழிபெயர்த்தார்கள். பத்தாம் வகுப்பில் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் சைன், உண்மையில் ஒரு பாதி வில்நாண். இதைச் சொன்னதும், "அப்ப ஒரு வில்லு செய்வோமா சார்?" என்ற கேள்வி வந்தது. சரி என்று சொல்லிவிட்ட பிறகுதான் அதில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

எங்கள் ஊர் விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம், சிமெண்ட் ஆலை இருக்கும் ஆலங்குளம். வறண்ட கரிசல் பகுதி. முழு நீள வில்லுக்கு ஏற்ற, கணு இல்லாத நேரான மரம் இங்கே எளிதில் கிடைக்காது. கிடைப்பது சீமைக்கருவேலம். கோணலாக வளர்ந்தாலும் உறுதியான மரம். காய்ந்தபின் அதிகம் சுருங்காது, முறுக்கிக்கொள்ளாது. அதில் ஒன்றேகால் மீட்டர் நேர்க்கட்டை தேட வேண்டாம், 40 செ.மீ. துண்டு போதும். நடுவில் கைப்பிடி ஒன்று, மேலும் கீழும் இரண்டு கைகள் என்று வில்லை மூன்றாகச் செய்து போல்ட்டால் இணைப்பது என்று முடிவு செய்தது இதனால்தான். இந்த முறை நமக்குப் புதிதும் அல்ல. வட இந்தியாவில் செய்யப்பட்ட பழைய எஃகு விற்களில் சில, கைப்பிடியின் நடுவில் திருகிக் கழற்றக்கூடியவை. இன்று ஒலிம்பிக்கில் பயன்படும் வில்லும் ஒரு கைப்பிடியும் இரண்டு கைகளுமாகப் பிரிவதுதான். இராஜஸ்தான் பழங்குடிச் சிறுவனாக மூங்கில் வில்லோடு வளர்ந்த லிம்பா ராம், அப்படிப்பட்ட நவீன வில்லோடு 1988, 1992, 1996 என மூன்று ஒலிம்பிக்குகளில் ஆடினார்.

கைகளுக்குக் கல்மூங்கில் பிளாச்சு எடுத்துக்கொண்டோம். ஒவ்வொன்றும் 50 செ.மீ. நீளம். அடியில் 4 செ.மீ. அகலம், நுனியில் ஒன்றரை. கைப்பிடியின் மீது இருபுறமும் ஏழரை செ.மீ. படிந்து உட்கார்ந்ததால் வில்லின் மொத்த நீளம் 125 செ.மீ. ஆயிற்று. மூங்கிலின் வெளித்தோலைச் சீவக்கூடாது. நார்கள் அங்குதான் நெருக்கமாக இருக்கின்றன. வளையும்போது இழுபடும் பக்கமும் அதுவே. ஆகவே தோல் இலக்கை நோக்கியும், சீவிய உட்பக்கம் எய்பவரை நோக்கியும் இருக்க வேண்டும். நாணுக்கு நைலான் வேண்டாம், அது நீளும். பாலியஸ்டர் நூலைப் பல இழையாகச் சேர்த்து முறுக்கிக்கொண்டோம்.

சீவும் வேலையில்தான் கணக்கு உயிர் பெற்றது. ஒரு பட்டையின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர் விகிதத்திலும், தடிமனின் முப்படிக்கு நேர் விகிதத்திலும் இருக்கும். 8 மி.மீ. தடிமனில் 0.8 மி.மீ. சீவினால் பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. ஆனால் விறைப்பு 0.9 × 0.9 × 0.9 = 0.729 ஆகிவிடும், கால் பங்குக்கு மேல் போய்விட்டது. இழைப்புளியை ஓரிரு முறை கூடுதலாக ஓட்டிய ஒரு குழுவின் மூங்கில் சாட்டை மாதிரி வளைந்தபோது, முப்படி என்றால் என்ன என்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் வில் உடைந்தது. தவறு என்னுடையது. மூங்கிலின் ஓரத்துக்கு மிக அருகில் துளை போட்டு, ஒரே போல்ட்டில் மாட்டியிருந்தேன். போதாக்குறைக்கு அம்பு வைக்காமல் முழுவதும் இழுத்து விட்டேன். அம்பு இருந்தால் ஆற்றலின் பெரும்பகுதி அதனோடு போய்விடும். இல்லாவிட்டால் அத்தனையும் மரத்துக்கே திரும்புகிறது. மூங்கில் துளையிலிருந்து நெடுக்காகப் பிளந்து, ஒரு சிம்பு பறந்து முன்வரிசைக் காலடியில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்கு வகுப்பே ஜன்னல் பக்கம் திரும்பியது. எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு அது பழக்கம்; சத்தம் கேட்டால் முதலில் எந்தத் திசை என்று பார்ப்பார்கள்.

சற்று நேரம் கழித்து ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய அம்மா பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறார். "அம்மா வேலை பாக்குற ரூம்ல இத்தனை பேருதான் இருக்கணும்னு கணக்கு இருக்கு சார். இங்க நாங்க முப்பத்தெட்டு பேரும் எதிர்லயே நின்னோம்" என்றாள். குறை சொல்லும் குரல் இல்லை அது. எனக்குத்தான் பதில் இல்லை.

மறுநாள் வகுப்பறையில் எதையும் இழுக்கவில்லை. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டோம். வில்லருகே இரண்டு பேர், மற்றவர்கள் எல்லோரும் கோட்டுக்குப் பின்னால். விதிகளை அவளே அட்டையில் எழுதினாள். அம்பின் நுனியில் ரப்பர், இலக்கு வைக்கோல் திணித்த சாக்கு, வெறும் நாணை யாரும் விடக்கூடாது. இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்கள் மரத்தைத் தேடுவதற்கு முன்னால் இந்த அட்டையை எழுதிவிடுங்கள்.

இரண்டாவது வில்லில் துளையை உள்ளே தள்ளிப் போட்டு, அதன் இருபுறமும் நூலை இறுக்கிச் சுற்றிப் பசையிட்டோம். போல்ட்டுடன் ஒரு சிறு முளையும் வைத்ததால் கை திரும்பவில்லை. அகலமான வாஷரும் கையால் திருகும் நட்டும் போதும். கழற்றினால் புத்தகப் பைக்குள் அடங்கிவிடும்.

நாண் ஏற்றியபின் நாணின் நீளம் 120 செ.மீ., நடுவில் வில்லுக்கும் நாணுக்கும் இடைவெளி 15 செ.மீ. இந்த வில் எந்த வட்டத்தின் பகுதி? மையத்திலிருந்து நாணுக்கு வரையும் செங்குத்து நாணை இருசமக் கூறிடும் என்பது பாடத்தில் உள்ளதுதான். ஆர² = 60² + (ஆரம் − 15)². விடை 127.5 செ.மீ. அந்த அளவில் மைதானத்தில் கயிற்றால் வட்டம் போட்டு வில்லை அதன்மேல் வைத்தார்கள். பொருந்தவில்லை. "கைப்பிடி வளையலையே சார், அப்புறம் எப்படி வட்டமாகும்?" என்றான், அன்று வெட்கம் என்று சொன்ன அதே பையன். கணக்கு சரி, வில்லும் சரி. அது வட்டவில் என்று நாங்கள் எடுத்துக்கொண்டதுதான் தவறு.

பிறகு கைப்பிடியைச் சுவரில் படுக்கைவாட்டில் பொருத்தி, நாணின் நடுவில் மணல் பை தொங்கவிட்டு அளந்தோம். 10 செ.மீ. இறங்க 2.4 கிலோ, 20க்கு 4.2, 30க்கு 6. வரைபடத்தாளில் புள்ளிகளை இணைத்து, கோட்டுக்குக் கீழுள்ள பரப்பைச் சரிவகங்களாகக் கூட்டினால் 96 கிலோ-செ.மீ., ஏறத்தாழ 9.4 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை மேசைக்குச் சற்று மேலே தூக்கும் ஆற்றல். நேர்க்கோடு என்று வைத்து முக்கோணமாகக் கணக்கிட்டவர்களுக்கு 90தான் வந்தது. அந்த 6 எங்கிருந்து வந்தது என்று தாளைப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். நாண் முதலிலேயே இறுக்கமாக இருப்பதால் தொடக்கத்தில் விசை வேகமாக ஏறுகிறது.

இப்போது வில் அலமாரியில் மூன்று துண்டாக, நாண் கழற்றப்பட்டு இருக்கிறது. கீழ்க்கை மேல்கையைவிட ஒரு விரல் குறைவாக வளைகிறது. இரண்டையும் வெர்னியரில் அளந்துவிட்டு எங்கே, எத்தனை மி.மீ. சீவ வேண்டும் என்று சொல்லும் பொறுப்பை முன்வரிசைக் குழு எடுத்திருக்கிறது. அவர்கள் கணக்கைக் காட்டும்வரை இழைப்புளி என் மேசை இழுப்பறையில்தான் இருக்கும்.