ஞாயிற்றுக் கோழி, திங்கள் இடியப்பம்

மனையியல் ரீச்சரின் சமையலறைக் கேள்வி-பதில்

கேள்வி: ரீச்சர், ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வந்தால் கடையில் பார்பிகியூ கோழி இரண்டு வாங்குவோம். எப்படியும் அரைக் கோழிக்கு மேல் மிஞ்சிவிடும். அடுத்த நாள் அதைக் கறியாக்கினால், "விறகு மாதிரி இருக்கு அம்மா" என்று பிள்ளைகள் ஒதுக்கி வைக்கிறார்கள். நான் வேலை முடிந்து வீட்டுக்கு வர ஐந்தரை ஆகும். அரை மணித்தியாலத்துக்குள் முடிகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.
– வாசகி, உவர்மலை

பதில்: பிள்ளைகளைக் கோபிக்காதீர்கள், தங்கச்சி. அந்தக் கோழி ஏற்கெனவே ஒருமுறை நெருப்பில் வெந்து வந்தது. அதன் சாற்றில் ஒரு பங்கு கடைக்காரரின் தணலிலேயே சொட்டிப் போயிருக்கும். பச்சைக் கோழிக்குக் கொடுக்கிற நேரத்தை அதற்கும் கொடுத்தால், மிச்சமிருக்கிற சாறும் குழம்புக்குள் இறங்கிவிடும். குழம்பு ருசிக்கும், கோழி சக்கையாகும். நெஞ்சுப் பகுதியில் கொழுப்புக் குறைவு, அதனால் முதலில் காய்வது அதுதான். தொடை கொஞ்சம் தாங்கும்.

ஆகவே மீதிக் கோழியைத் திரும்பச் சமைக்க வேண்டாம். மற்றதெல்லாம் வெந்து முடிந்த பிறகு, கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில் போட்டு ஆவி பறக்கச் சூடாக்கினால் போதும். அதற்கு இறைச்சி நார் நாராக உதிர்த்திருக்க வேண்டும். மீதி உணவு உள்ளே 74 பாகை செல்சியசுக்குச் சூடேற வேண்டும் என்பது பொது விதி. முழுத் தொடை ஒன்று அந்தச் சூட்டை எட்டுவதற்குள் வெளிப்பக்கம் காய்ந்துவிடும். உதிர்த்த நாருக்கு அந்தத் தொல்லை இல்லை.

உதிர்க்கிற வேலையை ஞாயிறு இரவே முடித்துவிடுங்கள். இளஞ்சூடாக இருக்கும்போது இறைச்சி எலும்பை விட்டு இலகுவாகக் கழன்று வரும். ஃபிரிட்ஜில் இறுகிய பிறகு அது கத்தியோடு மல்லுக்கட்டுகிற வேலை. இறைச்சியைத் தட்டையான பெட்டியில் மெல்லியதாகப் பரப்பி மூடி வையுங்கள், சீக்கிரம் குளிரும். எலும்பு ஒரு பெட்டி, தோல் ஒரு பெட்டி. எலும்பை எறிந்துவிடாதீர்கள், திங்கட்கிழமைச் சாப்பாட்டின் ருசியில் பாதி அதில்தான் இருக்கிறது.

திங்கள் இடியப்பக் கொத்து. வீட்டுக்கு வரும் வழியிலேயே இடியப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு 20 தாராளம். வந்ததும் எலும்புகளை ஒரு சட்டியில் போட்டு, ஒரு கோப்பை தண்ணீர், ஒரு கோப்பை இரண்டாம் பால், ஒரு தேக்கரண்டி கறித்தூள், ரம்பைத் துண்டு சேர்த்து அடுப்பில் வையுங்கள். உப்பு இப்போது வேண்டாம். கடைக்கோழியிலேயே உப்பு இருக்கிறது, கடைசியில் பார்த்துப் போடலாம். அது 15 நிமிடம் கொதிக்கட்டும். அந்த நேரத்தில் வெங்காயம், லீக்ஸ், கரட், பச்சை மிளகாய் அரிந்து, ஆறின இடியப்பத்தைக் கையால் பிய்த்து வையுங்கள். சுடச்சுடப் பிய்த்தால் களியாகிவிடும்.

தாச்சியில் எண்ணெய் நன்றாகக் காயட்டும். கறிவேப்பிலை, வெங்காயம், பிறகு மரக்கறி, எல்லாம் பெரிய நெருப்பில். மரக்கறி நறுக்கென்று இருக்கும்போதே ஓரமாக ஒதுக்கி, நடுவில் இரண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். இப்போது இடியப்பம். எலும்புக் குழம்பை வடித்து, கொதிக்கக் கொதிக்க அகப்பை அகப்பையாகத் தெளித்துப் பிரட்டுங்கள். இடியப்பம் குடிக்கிற அளவுக்குத்தான் ஊற்ற வேண்டும். தாச்சியின் அடியில் குழம்பு தேங்கக் கூடாது. கடைசியாகக் கோழி. எல்லாம் கொதிசூடாக வந்ததும் இறக்கி, மிளகுத்தூளும் தேசிப்புளியும் விடுங்கள். கடையில் இனிப்புச் சோஸ் பூசித் தந்திருந்தால் புளியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். அந்தச் சோஸ் எனக்குப் பிடிப்பதில்லை. தாச்சியில் பட்டதும் கருகி அடிப்பிடிக்கும்.

செவ்வாய்க்கிழமைக்குச் சொதி. வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், இரண்டு பல் உள்ளி போட்டு இரண்டாம் பாலைக் கொதிக்க வையுங்கள். கோழியை அதில் போட்டு இரண்டு நிமிடம் கொதித்ததும் முதற்பாலை விட்டு, நுரை கட்டி வரும்போது இறக்குங்கள். அதற்கு மேல் கொதித்தால் பால் திரையும். தேசிக்காயை அடுப்பை விட்டு இறக்கிய பிறகே பிழிய வேண்டும். புட்டோ பாணோ இருந்தால் சாப்பாடு முடிந்தது. உறைப்புத் தாங்காத சின்னப் பிள்ளைக்கும் கொடுக்கலாம்.

கேள்வி: கச்சான் காற்று அடிக்கிற நாள். இரவு எட்டு மணிக்கு வாங்கின கோழி பதினொரு மணி மட்டும் மேசையிலேயே இருந்துவிட்டது. நன்றாகக் கொதிக்க வைத்தால் அடுத்த நாள் சாப்பிடலாம்தானே?
– வாசகர், நிலாவெளி

பதில்: வேண்டாம் தம்பி, எறிந்துவிடுங்கள்.

சமைத்த இறைச்சி வெளியே இருக்கக்கூடிய நேரம் 2 மணித்தியாலம். வெக்கை 32 பாகைக்கு மேல் போனால் 1 மணித்தியாலம்தான். கச்சான் வீசுகிற ஆடி, ஆவணியில் நம் பக்கத்து வீடுகளுக்குள் இரவிலும் அந்த வெக்கை தணிவதில்லை. அதோடு கடையில் சுட்டு வைத்திருந்த நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

"கொதித்தால் கிருமி சாகும்" என்று எல்லோரும் சொல்வார்கள். கிருமி சாகும், உண்மைதான். ஆனால் கைபட்ட சாப்பாட்டில் வளர்கிற ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பக்டீரியா நஞ்சொன்றை விட்டுவைக்கும். அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. மணம், ருசி எதிலும் வித்தியாசம் தெரியாது. சில மணித்தியாலத்தில் வாந்திதான் வந்து சொல்லும்.

மின்சாரம் போனால் என்ன செய்வதென்றும் சிலர் எழுதியிருந்தீர்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணித்தியாலம் குளிரைக் காக்கும். அதற்கு மேலே போனால் இறைச்சியை நம்ப வேண்டாம். மின்சாரம் ஒழுங்காக இருந்தால் சுட்ட கோழி 3 நாள், மிஞ்சினால் 4 நாள்.

கேள்வி: நாங்கள் உடனேயே ஃபிரிட்ஜில் வைத்துவிடுவோம். என்றாலும் அடுத்த நாள் சூடாக்கினால் ஒரு பழைய வாடை அடிக்கிறது. கெட்டுப்போனதா? ஆணத்தில் போட்டால் அவ்வளவு தெரிவதில்லை.
– வாசகி, கிண்ணியா

பதில்: கெட்டுப்போகவில்லை. கேள்விக்குள்ளேயே பாதிப் பதிலையும் எழுதிவிட்டீர்கள்.

சமைத்த இறைச்சியில் உள்ள கொழுப்பு காற்றுப் பட்டு மாறுவதால் வருகிற வாடை அது. சமைக்கும்போது இறைச்சிக்குள்ளிருந்து வெளிப்படும் இரும்புச் சத்து அந்த மாற்றத்தைத் துரிதப்படுத்தும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஒன்றிரண்டு நாளில் வந்துவிடும். டிம்ஸ், வாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1958இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். உடம்புக்குக் கெடுதல் இல்லை, மூக்குக்குத்தான் பிடிக்காது.

காற்றுப் படாமல் வைப்பதுதான் வழி. பெட்டியில் வெற்றிடம் விடாமல் அமுக்கி, மேலே ஒரு மெல்லிய தாளை ஒட்ட மூடுங்கள். இன்னும் நல்லது, கொஞ்சம் ஆணம் ஊற்றி இறைச்சி மூழ்கும்படி வைப்பது. கராம்பு, கறுவா, மிளகு, மஞ்சள் எல்லாமே கொழுப்பு மாறுவதைத் தாமதப்படுத்தும் பொருட்கள். ஆணத்தில் வாடை குறைவாக இருப்பதற்கு அதுவே காரணம்.

இந்த வாடை சூடாக்கும்போதுதான் கிளம்பும். ஆகையால் சூடாக்காமலேயே சாப்பிட ஒரு வழி சொல்கிறேன், உங்கள் ஊரில் எருமைத் தயிருக்குக் குறையே இல்லை. சட்டித் தயிரில் இரண்டு அகப்பை எடுத்து, மெல்லிய துணியில் வடிய விடுங்கள். வெள்ளரிக்காய், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், புதினா பொடியாக அரிந்து, உதிர்த்த கோழியோடு சேர்த்து அந்தத் தயிரில் பிசைந்து, சூடான தேங்காய் ரொட்டிக்குள் வைத்துச் சுருட்டுங்கள். எருமைத் தயிரின் புளிப்பும் தடிப்பும் பக்கெற்றுத் தயிரில் வராது. ஒழுங்காகக் குளிரில் இருந்த கோழிக்கு மட்டும்தான் இது. கொஞ்சமும் சந்தேகம் இருந்தால் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

கேள்வி: கோழித் தோலை என்ன செய்வது?
– வாசகர், பாலையூற்று

பதில்: எண்ணெய் விடாத தாச்சியில் சின்ன நெருப்பில் போடுங்கள். தன் கொழுப்பிலேயே பொரியும். மொறுமொறுப்பானதும் நொறுக்கிச் சோற்றின் மேல் தூவுங்கள். கருகிய இடங்களைக் கிள்ளி எறிந்துவிடுங்கள், கசக்கும்.

கேள்வி: வீட்டில் ரொட்டிக் கொத்துப் போட்டால் எப்போதும் பசையாகத்தான் வருகிறது. மீதிக் கோழியும் வீணாகிறது.
– வாசகி, சீனன்குடா

பதில்: 1980இலிருந்து பிரிமா மாவாலை இருக்கிற ஊரிலிருந்து ரொட்டிக்கு முறைப்பாடா!

வீச்சு ரொட்டி முதல் நாளைய ரொட்டியாக இருக்கட்டும். ஆறி, கொஞ்சம் காய்ந்த ரொட்டி குழம்பைக் குடிக்கும், புது ரொட்டி குழைந்துவிடும். கத்தியால் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி வையுங்கள். கடைக்காரர் தகட்டில் தட்டுகிற தட்டலை நாம் வீட்டுத் தாச்சியில் தட்டினால் ரொட்டிதான் நசியும். ஒரே தடவையில் நான்கு பேருக்குப் போடாமல், இரண்டு இரண்டு பேருக்காகப் போடுங்கள். வீட்டு அடுப்பின் சூடு அவ்வளவுக்குத்தான் காணும். தாச்சி நிறைந்தால் எல்லாம் ஆவியில் அவியும், வறுபடாது.

கேள்வி: ரீச்சர், கடற்கரையில் இருந்துகொண்டு கோழி மீதியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்களே. மீனுக்கு என்ன வந்தது?
– வாசகர், திருக்கடலூர்

பதில்: மீனுக்கு ஒன்றும் வரவில்லை ஐயா. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றுக்குக் கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காத நாட்களில் உங்கள் தெருவிலும் கோழி மணக்கும்தானே?

ஆனாலும் உங்களுக்காக மீன்காரரின் சமையலையே கோழிக்குக் கொண்டுவருகிறேன். சுறா வறை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே கைப்பக்குவம்தான். தாச்சியில் கடுகு, பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துச் சின்ன வெங்காயத்தை வதக்குங்கள். ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூவில் மஞ்சளும் உப்பும் பிசறிப் போட்டு, ஈரம் வற்றும்வரை வறுங்கள். பிறகு நெஞ்சுப் பகுதி இறைச்சியைச் சுறாவைப் போலவே பொடியாக உதிர்த்துப் போட்டு, ஆவி வரப் பிரட்டி இறக்குங்கள். விறகாகிவிட்டது என்று பிள்ளைகள் ஒதுக்குகிற நெஞ்சிறைச்சிக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. வறைக்கு வேண்டியதே அந்த உலர்ந்த தன்மைதான். சோறு, பருப்பு, பக்கத்தில் ஒரு பொன்னாங்காணிச் சுண்டல். அவ்வளவையும் வைக்க, சோறு வேகிற நேரம் போதும். தேசிக்காய்ப் பாதியை மேசையில் வைத்துவிடுங்கள், வேண்டியவர் பிழிந்துகொள்ளட்டும்.