சகுரா மலரும் நாள்

பூத்த மரத்தடியில் ஒரு பொழுது அமர்ந்திருப்பதற்காகவே ஒரு நாட்டு மக்கள் கூட்டங்கூட்டமாகப் புறப்படுகிறார்கள் என்றால், அந்த நாடு ஜப்பான்தான். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஹனாமி’. ‘ஹனா’ என்பது மலர். ‘மி’ என்பது காணுதல். இன்னமலர் என்ற குறிப்பு அப்பெயரில் இல்லை. ஆயினும் ஹனாமி என்றதும் சகுரா என்னும் செர்ரி மலரைத் தவிர வேறொன்றை இன்று எவரும் நினைப்பதில்லை. தாவரவியல் மாணவனாகிய என்னைக் கவர்ந்தது இவ்விழாவின் கவிதையைவிட, அதற்குக் காரணமான மரமே. ஆகவே மரத்தைப் பற்றியே மிகுதியாகச் சொல்லப் போகிறேன். கவிதையை இலக்கிய மன்றத்து நண்பர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எட்டாம் நூற்றாண்டு வரை ஜப்பானிய அரசவையினர் கண்டு களித்தது சீனத்திலிருந்து வந்த ‘உமே’ மலரையே. பின்னரே உள்நாட்டுச் சகுரா அவ்விடத்தைப் பெற்றது. 812-ஆம் ஆண்டில் பேரரசர் சாகா கியோத்தோவில் மலர் விருந்து நடத்தியதாகக் குறிப்பு உண்டு. 1598-இல் ஹிதெயோஷி என்னும் படைத்தலைவர் தைகோஜி கோயிலில் நடத்திய விழாவின் ஆடம்பரத்தை இன்றும் பேசுகிறார்கள். அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். சாதாரண மக்களுக்கு இவ்வின்பம் கிட்டியது, பதினெட்டாம் நூற்றாண்டில் யோஷிமுனே என்னும் ஷோகன் சுமிதா ஆற்றங்கரையிலும் அசுகாயாமா குன்றிலும் மரங்களை நடச்செய்த பிறகுதான். அரண்மனைக்குள் இருந்த மலரை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்த அச்செயலே எனக்கு மற்றவற்றினும் பெரிதாகத் தோன்றுகிறது.

ஹனாமி நாளில் டோக்கியோவின் உவேனோ பூங்காவில் நீல விரிப்புகள் காலையிலேயே இடம் பிடித்துவிடும். அலுவலகங்களில் இடம் பிடிக்கும் பணி பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களின் தலையில்தான் விழும். செருப்பைக் கழற்றிவிட்டு விரிப்பில் அமர்ந்து, கட்டிவந்த உணவை உண்டு, அரிசி மதுவை அருந்தி, விளக்கொளியில் இரவிலும் பூப்பார்ப்பார்கள். பூவினும் கொழுக்கட்டை மேல் என்று பொருள்படும் பழமொழி ஒன்றும் அங்கே உண்டு! அந்நாளில் உண்ணும் ‘சகுரா மோச்சி’ உப்பில் ஊறிய செர்ரி இலையில் பொதிந்த இனிப்பு. அவ்விலையின் மணத்துக்குக் காரணம் கூமரின் என்னும் பொருள். பச்சை இலையில் அம்மணம் இல்லை. உப்பிட்டு ஊறவைத்தால்தான் வெளிப்படும்.

இனி மரத்துக்கு வருவோம். பூங்காக்களிலும் ஆற்றங்கரைகளிலும் பள்ளி வளாகங்களிலும் பெரும்பாலும் காணப்படுவது ‘சோமெய் யோஷினோ’ என்னும் ஒரே வகை. ஏதோ மரபுவழி வந்த தொல்பழம் மரம் என்று எண்ணிவிட வேண்டா. எதோ நகரை அடுத்த சோமெய் சிற்றூரின் தோட்டக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரப்பிய கலப்பின மரம் இது. இலை துளிர்க்கும் முன்பே பூத்து, கிளையே தெரியாதபடி மூடிவிடும். தன்னினத்து மகரந்தத்தால் இது கருவுறுவதில்லை. எனவே விதையால் இவ்வகையைப் பெருக்க இயலாது. நாம் மாமரத்தில் செய்வதுபோல ஒட்டுக்கட்டியே பெருக்குகிறார்கள். ஆகவே ஜப்பான் முழுவதும் நிற்கும் சோமெய் யோஷினோ மரங்கள் யாவும் மரபணு அளவில் ஒரே மரம். ஒரு வட்டாரத்தில் எல்லா மரமும் ஒருசேரப் பூத்து, ஒருசேர உதிர்வதன் இரகசியம் இதுதான்.

பூமொட்டு முந்திய கோடையிலேயே உருவாகிவிடுகிறது. பிறகு உறங்குகிறது. அவ்வுறக்கத்தைக் கலைப்பது வெப்பமன்று, குளிர்! போதிய நாள் குளிர் பட்ட பின்னரே, வெப்பம் மொட்டை வளர்க்கும். இதை ஒகினாவா தீவு நன்கு காட்டுகிறது. அங்குள்ள வேறு வகைச் செர்ரி ஜனவரியிலேயே பூக்கிறது. அதுவும் குளிர் முதலில் சேரும் வடபகுதியில் தொடங்கித் தெற்கே பரவுகிறது. பெருந்தீவுகளிலோ மலர்ச்சி மார்ச் இறுதி வாக்கில் தெற்கே தொடங்கி, வடகோடி ஹொக்கைதோவை மே மாதத்தில் அடைகிறது. டோக்கியோவுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பநிலையையும் செல்சியசில் கூட்டிவந்தால், தொகை 600-ஐ எட்டும் வாக்கில் பூ மலரும். அறிவிப்பது வானிலைத் துறை. யசுகுனி ஆலய வளாகத்திலுள்ள குறித்த மரத்தில் ஐந்தாறு பூ விரிந்ததும் மலர்ச்சி நாள். எண்பது விழுக்காடு விரிந்தால் முழுமலர்ச்சி. அதிலிருந்து ஏறக்குறைய ஒரு வாரம், பிறகு உதிர்வுதான்.

அரும்பு முதல் செம்மல் வரை பூவின் பருவங்களுக்கெல்லாம் பெயரிட்டது நம் மொழி. அவர்களோ உதிர்வதற்கே பல பெயர் வைத்தனர். காற்றில் பறந்தால் பூப்பனிப்புயல். நீரில் மிதந்தால் பூத்தெப்பம். இவ்வுதிர்வைப் போர்வெறியர்களும் விட்டுவைக்கவில்லை. வீரன் பூப்போல் உதிர வேண்டும் என்று போதித்து, விமானியையே பலிகொள்ளும் பறக்கும் குண்டுக்கு ‘ஓக்கா’, அதாவது செர்ரி மலர், என்று பெயரிட்டனர். மலருக்கு இதைவிட இழிவு வேறில்லை.

கியோத்தோவின் கதை வேறு. அரசவையினரும் துறவியரும் எழுதிவைத்த நாட்குறிப்புகளிலிருந்து, அங்குள்ள மலைச்செர்ரி முழுமலர்ச்சியுற்ற நாட்களை ஒசாகா மாகாணப் பல்கலைக்கழக அறிஞர் அவோனோ தொகுத்தார். தொடக்கம் 812. இன்பப் பொழுதைக் குறித்துவைத்தவர்கள், தம்மை அறியாமலே 1,200 ஆண்டு வெப்பநிலைக் கணக்கை எழுதியிருக்கிறார்கள்! நெடுங்காலம் ஏப்ரல் நடுவில் வந்த முழுமலர்ச்சி, கடந்த நூறாண்டுகளுக்கு மேலாக முன்னேறிக்கொண்டே வருகிறது. 1409-இல் மார்ச் 27 என்பது பழைய எல்லை. 2021-இல் அது மார்ச் 26-இல் வந்து அவ்வெல்லையைக் கடந்தது. உலகம் வெப்பமடைவதும், நகரம் பெருத்ததும் இதற்குக் காரணங்கள்.

பூ முந்தி வந்தால் நல்லதுதானே என்று வகுப்பில் ஒரு நண்பர் கேட்டார். மேலே சொன்ன உறக்கத்தை நினைக்க வேண்டும். குளிர்காலம் மேலும் இளகினால், தென்கியூஷுவில் உறக்கம் கலையாமல் மலர்ச்சி பிந்தவும், மரம் ஒருசேரப் பூக்காமற் போகவும் கூடும். வடக்கே முந்துதல், தெற்கே பிந்துதல். இரண்டும் ஒரே வெப்பத்தின் விளைவு. ஒரே மரபணு என்பதால் ஒரு மரத்துக்கு ஏற்காதது எல்லா மரத்துக்கும் ஏற்காது. நோயும் அப்படியே. கிளைகள் துடைப்பம்போல் கொத்தாக முளைத்து, பூவே வராமற் செய்யும் பூஞ்சாண நோய்க்கு இவ்வகை எளிதில் இரையாகிறது. 2012-இல் கண்டறியப்பட்ட செங்கழுத்து நீள்கொம்பு வண்டின் புழுக்கள் வேறு அடிமரத்தைக் குடைகின்றன. போருக்குப் பின் நட்ட மரங்கள் பலவும் முதுமை எய்திவிட்டன. ஆனால் முதுமைக்கு மருந்தில்லை என்பதற்கில்லை. ஆப்பிள் விளையும் ஹிரோசாகியில், ஆப்பிள் மரத்துக்குச் செய்யும் கவாத்தையே சகுராவுக்கும் செய்து, நூறாண்டு கடந்த மரங்களையும் பூக்கச் செய்கிறார்கள்.

பட்டுப்போன இடங்களில் இப்போது பலர் நடுவது ‘ஜிந்தாய் அகெபோனோ’ என்னும் வகை. அமெரிக்கா சென்ற சோமெய் யோஷினோவின் வழிவந்து, தாய்நாடு திரும்பி, டோக்கியோவின் ஜிந்தாய் தாவரத் தோட்டத்தில் இனங்காணப்பட்டது இது. துடைப்ப நோயைத் தாங்கும். நிறம் சற்றுக் கூடுதல் சிவப்பு. பூப்பது தாய்மரத்தைவிடச் சில நாள் முன்னதாக.