இரு குழு, ஒரே கோப்பு

சேவுகம்பட்டியில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். மதிப்பெண்ணைக் கிரேடாக மாற்றும் 20 வரிப் பைத்தான் நிரல் ஒன்றை மாணவர்கள் எழுதினார்கள். அதைச் சோதிக்கும் பொறுப்பை இரு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். சோதனையின்போது நிரலின் எந்தெந்த வரிகள் ஓடின என்று குறித்துக்கொள்ளும் 'கவரேஜ்.பை' என்னும் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தினோம்.

நேரம் மிச்சமாகும் என்று, ஒரே கணினியில் இரு சாளரங்களைத் திறந்து இரு சோதனைகளையும் ஒரே நேரத்தில் ஓட்டினோம். அறிக்கை 50 விழுக்காடு என்றது. காட்டிய 10 வரிகளும் இரண்டாம் குழு சோதித்தவை. "உங்கள் சோதனை ஓடவே இல்லையே" என்று முதல் குழுவிடம் கடிந்துகொண்டேன். "ஓடுச்சு சார், நாங்க பார்த்தோம்" என்றாள் ஒரு மாணவி. அவள் சொன்னதுதான் சரி.

அமைப்பை மாற்றாவிட்டால், இக்கருவி தன் குறிப்புகளை ஒரே பெயருள்ள கோப்பில் எழுதுகிறது. பின்னால் முடிந்த சோதனை, முன்னதன் குறிப்பை நீக்கிவிட்டுத் தன்னுடையதை வைத்துவிட்டது.

இதற்குத் தீர்வு அக்கருவியிலேயே உண்டு. அமைப்பில் 'பேரலல்' என்பதை இயக்கினால், ஒவ்வொரு சோதனையும் கணினியின் பெயர், செயல்முறை எண், ஒரு சமவாய்ப்பு எண் ஆகியவை சேர்ந்த தனிப்பெயரில் சேமிக்கப்படும். எல்லாம் முடிந்தபின் 'கம்பைன்' கட்டளையால் அவற்றை ஒன்றுசேர்த்து, அதன் பிறகே அறிக்கை எடுக்க வேண்டும். பாதியில் திடீரென நிறுத்தப்பட்ட சோதனை குறிப்பை எழுதாமலே போகலாம். எனவே சேர்க்கும் முன் கோப்புகளை எண்ணிப் பார்ப்பது நல்லது.

மறுமுறை ஓட்டியபோது முதல் குழு 12 வரிகள் (60 விழுக்காடு), இரண்டாம் குழு 10 வரிகள் (50 விழுக்காடு). கூட்டினால் 110, சராசரி 55. இரண்டுமே தவறு. ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தின் 'கண மொழி' இங்கே கைகொடுத்தது. இருவருக்கும் பொதுவான வரிகள் 4. ஆகவே 12 + 10 − 4 = 18 வரிகள், அதாவது 90 விழுக்காடு.

மீதி 2 வரிகள் தேர்வுக்கு வராத மாணவருக்கானவை. இரு குழுக்களும் அவரை மறந்திருந்தன. அதற்கும் ஒரு சோதனை எழுதியதும் நிரல் பாதியில் நின்றது. மாறியின் பெயரில் எழுத்துப்பிழை! பைத்தானில் இத்தகைய பிழை, அந்த வரி ஓடும்போதுதான் வெளிப்படும். முதலில் வந்த 50-ஐ நம்பியிருந்தால், ஓடிய வரிகளையே மீண்டும் சோதித்துக்கொண்டிருப்போம்.

100 விழுக்காடு வந்தாலும் எல்லா வரிகளும் ஓடின என்றுதான் பொருள். விடை சரி என்பதற்கு அது சான்றாகாது. இதையும் மாணவர்களிடம் சொன்னேன். முதல் குழுவிடம் வருத்தமும் தெரிவித்தேன்.

கணினி இல்லாத வகுப்பிலும் இதைச் செய்யலாம். 20 வினாக்களை இரு குழுக்களுக்குக் கொடுத்து, விடை கண்டவற்றைத் தனித்தனித் தாளில் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு இரு தாள்களையும் சேர்த்து, எவருமே தொடாத வினா எது என்று கேளுங்கள். பாடம் அங்கிருந்து தொடங்கும்.