வானலையும் வரிப்பணமும்

நுழையும்முன்

நாட்டின் பொது ஒலிபரப்பை மக்களின் வரிப்பணத்தில் நடத்துவது முறையா என்னும் வினா இன்று பல நாடுகளில் எழுந்துள்ளது. இந்திய வானொலியின் வரலாற்றினூடே அவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

சென்னையில் தொடங்கிய கதை

1924ஆம் ஆண்டு சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. அவ்வாண்டு ஜூலைத் திங்களிலேயே அது ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆர்வலர்கள் கூடி நடத்திய அக்கழகம் பொருள்முடையால் 1927இல் தன் பணியை நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையங்களை அமைத்த இந்திய ஒலிபரப்புக் கம்பெனி என்னும் தனியார் நிறுவனமும் நெடுநாள் நிலைக்கவில்லை. வானொலிப் பெட்டி வைத்திருப்போர் ஆண்டுக்கு 10 ரூபாய் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். அந்நாளில் அது சிறுதொகை அன்று. பெட்டி வாங்கியோர் சிலரே. எனவே வருவாயும் சிறிதே. 1930 மார்ச்சில் அந்நிறுவனம் கலைக்கப்பட, அரசே ஒலிபரப்பை ஏற்றது.

சென்னையில் நிகழ்ந்தது சற்று வேறானது. வானொலிக் கழகத்தின் கருவிகளைப் பெற்றுக்கொண்ட மாநகராட்சி, 1930 முதல் தானே ஒலிபரப்பை நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் அமைக்கப்பட்டன. பெட்டி வாங்க இயலாத கூலித் தொழிலாளரும் மாலை வேளையில் நின்று இசை கேட்டுச் சென்றனர். அவர்கள் எவ்விதக் கட்டணமும் செலுத்தவில்லை. நகரம் அவர்களுக்காகச் செலுத்தியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்படும்வரை இப்பணி தொடர்ந்தது. பொது ஒலிபரப்பு என்பதன் பொருளை இதைவிட எளிதாக விளக்குதல் அரிது.

சந்தை செல்லாத இடங்கள்

விளம்பரத்தை நம்பி இயங்கும் நிலையம், பொருள் வாங்கும் ஆற்றல் உடையோரையே நாடும். அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் சிலநூறு பேர் மட்டுமே பேசும் மலைவழக்கில் நிகழ்ச்சி தயாரிக்க எந்த வணிகர் முன்வருவார்? ஆகாசவாணி 23 மொழிகளிலும் 179 வட்டார வழக்குகளிலும் ஒலிபரப்புகிறது. 1966இல் உழவர்க்கெனப் 'பண்ணையும் வீடும்' பிரிவுகள் தொடங்கப்பட்டன. தஞ்சை உழவர்கள் வானொலி வழியே அறிந்து பயிரிட்ட ஏ.டி.டி. 27 என்னும் நெல்வகை, 'ரேடியோ நெல்' என்றே பெயர் பெற்றது. புயல் எச்சரிக்கையைக் கடலோரச் சிற்றூர்க்குக் கொண்டுசேர்ப்பதும் இத்தகைய பணியே. இவற்றின் பயனை விளம்பர வருவாயைக்கொண்டு அளவிட இயலாது.

தெரிந்து தெளிவோம்

வானலைகள் பொதுச்சொத்து, அவை பொதுநலன் கருதியே பயன்படுத்தப்பட வேண்டும் என 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எதிர்வாதம்

கைப்பேசியிலேயே நூறு அலைவரிசைகள் கிடைக்கும் இந்நாளில், தான் கேளாத ஒன்றுக்கு ஒருவர் ஏன் வரி செலுத்த வேண்டும் என்பர் சிலர். இவ்வாதம் வலுவற்றதன்று. பிரான்சு 2022இல் தொலைக்காட்சிக் கட்டணத்தை நீக்கியது. அமெரிக்க நாடாளுமன்றம் 2025இல் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கிய ஏறத்தாழ 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது. ஆயினும் இந்திய நிலையை எண்ணும்போது ஒன்றை மறத்தலாகாது. இங்குள்ள தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தியறிக்கை தயாரித்து ஒலிபரப்ப விதிகள் இடந்தரவில்லை. ஆகாசவாணியின் செய்தியை மாற்றமின்றி மறு ஒலிபரப்பு செய்யலாம், அவ்வளவே. ஆதலின் வானொலிச் செய்தியைப் பொறுத்தவரை நூறு அலைவரிசைகள் இருந்தும் கேட்போர்க்குத் தெரிவு மிகக் குறைவு.

பணப்பையின் கயிறு

உண்மையான இடர் இங்கேதான் உள்ளது. பணம் தருவோரின் விருப்பம், பேசுவோரின் நாவைக் கட்டிவிடக்கூடும். 1975 முதல் 1977 வரை நிலவிய நெருக்கடிநிலைக் காலத்தில் அகில இந்திய வானொலி அரசின் குரலாகவே ஒலித்தது. அதன்பின் அமைக்கப்பட்ட பி.ஜி. வர்கீஸ் தலைமையிலான குழு, ஒலிபரப்பைத் தன்னாட்சி அறக்கட்டளையிடம் ஒப்படைக்குமாறு 1978இல் பரிந்துரைத்தது. பிரசார் பாரதி சட்டம் இயற்றப்பட 12 ஆண்டுகள் ஆயின. அது நடைமுறைக்கு வர மேலும் 7 ஆண்டுகள். தன் பிடியைத் தளர்த்த எந்த அரசும் விரைவதில்லை போலும்!

இதற்கிடையே, 1980களின் நடுவில் வானொலி, தொலைக்காட்சி உரிமக் கட்டணங்கள் நீக்கப்பட்டன. அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திவந்த மக்கள் மகிழ்ந்தனர். அதனுடன் கேட்போர்க்கும் நிலையத்துக்கும் இடையே இருந்த நேரடிப் பணத்தொடர்பு அறுந்ததைப் பலர் கவனிக்கவில்லை. மக்கள் இன்றும் செலுத்துகின்றனர். ஆனால் அப்பணம் அரசின் கை வழியே செல்கிறது.

செருமனியில் ஒவ்வொரு இல்லமும் ஒலிபரப்புக்கெனத் தனிக்கட்டணம் செலுத்துகிறது. எவ்வளவு தேவை என்பதை அரசு சாராத வல்லுநர் ஆணையம் கணித்துரைக்கிறது. 2020இல் சாக்சனி-அன்ஹால்ட் மாநிலம் கட்டண உயர்வுக்கு இசைவளிக்க மறுத்தபோது, 2021இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் தலையிட்டுத் திங்களுக்கு 18.36 யூரோ என்னும் உயர்வை நடைமுறைப்படுத்தியது. ஒலிபரப்பைப் பணத்தால் பணியவைக்க ஆட்சியாளர்க்கு அங்கு எளிதில் வழியில்லை. இந்தியாவிலோ பிரசார் பாரதிக்குரிய மானியம் ஆண்டுதோறும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் நிதி ஒதுக்கீட்டின் வழியாகவே வருகிறது.