கைபேசிச் சான்றும் காணொலிச் சாட்சியமும்

2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த வெள்ளத்தோடு, மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த நீர் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் முதலிய ஊர்களில் வலைகளும் படகுகளும் கறுத்துப் போயின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இதனைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஊர்மக்கள் கைபேசியில் எடுத்த படங்களோ நாடெங்கும் பரவின. அத்தகைய படம் நஷ்டஈட்டு வழக்கில் எந்த அளவுக்குச் சாட்சியமாகும் என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நலம்.

பசுமைத் தீர்ப்பாயத்தைச் சாட்சியச் சட்டத்தின் விதிகள் கட்டுப்படுத்துவதில்லை. 2010-ஆம் ஆண்டுச் சட்டமே அவ்வாறு கூறுகிறது. ஆயினும் உரிமையியல் நீதிமன்றத்திலோ குற்றவியல் நீதிமன்றத்திலோ நடக்கும் வழக்குகளில் அச்சலுகை கிடையாது.

படம் எடுத்த கைபேசியையே உரியவர் சாட்சிக் கூண்டில் கொணர்ந்து, அது தம்முடையது என்று மெய்ப்பித்தால், தனிச் சான்றிதழ் வேண்டுவதில்லை. படத்தை வேறொரு தகட்டில் பதிந்து தாக்கல் செய்தால் சான்றிதழ் கட்டாயம். உச்ச நீதிமன்றம் 2014-இல் வற்புறுத்திய இக்கருத்தை 2020-இல் மேலும் தெளிவாக்கியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு, அச்சான்றிதழுக்கு இரு பகுதிகளை விதிக்கிறது. முதற்பகுதியில் கருவியைத் தம் பொறுப்பில் வைத்திருந்தவரும், இரண்டாம் பகுதியில் வல்லுநர் ஒருவரும் கையொப்பமிட வேண்டும். கோப்பின் 'ஹாஷ்' எண்ணும் அதில் இடம்பெறும். நெல் மூட்டையின் மீதுள்ள அரக்கு முத்திரை போன்றது இவ்வெண். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும்.

ஊரார் அனைவரும் பகிர்ந்த படமே வலுவுள்ளது என்று எண்ணுவோர் உளர். நீதிமன்றத்தில் நிலைமை பெரும்பாலும் நேர்மாறு. வாட்ஸ்அப் வழியே அனுப்பும்போது படம் சுருங்குகிறது. எடுத்த நாள், நேரம் முதலிய குறிப்புகள் நீங்கிவிடுகின்றன. ஹாஷ் எண்ணும் வேறாகிறது. பலர் கை மாறிய பின்னர் முதலில் எடுத்தவர் யார் என்பதே தெரியாமற் போகும். ஆகவே மூலப்படத்தை அழிக்கலாகாது. அதன்மீது எழுத்தோ குறியோ இடலாகாது. கைபேசியை விற்பதும் புதுப்பிப்பதும் வழக்கு முடியும்வரை பொறுக்கட்டும். எடுத்த இடத்தையும் வேளையையும் அன்றே ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு வைப்பது பிற்காலத்தில் நினைவுக்குத் துணையாகும். சேற்று நிலத்தை மட்டும் படமெடுத்தால் இடம் விளங்காது. பாலமோ அனல்மின் நிலையப் புகைபோக்கியோ உடன் தெரியுமாறு எடுப்பது நன்று.

இத்துறையில் சென்னைக்குப் பழைய அனுபவம் உண்டு. 2004 நவம்பரிலேயே எழும்பூர் நீதிமன்றம் மின்னணுப் பதிவுகளை ஏற்று, இணையத்தில் ஒரு பெண்ணை அவதூறு செய்தவருக்குத் தண்டனை விதித்தது.

இனி, சாட்சி தொலைவில் இருந்தால் என் செய்வது? சேதத்தைக் கண்ட இளைஞர் பிழைப்பு நாடி வேறு மாநிலத் துறைமுகத்துக்குப் போயிருக்கலாம். 2003-இல் உச்ச நீதிமன்றம், அமெரிக்காவிலிருந்த மருத்துவர் ஒருவரைக் காணொலி மூலம் விசாரிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையும், மாநில அரசு அறிவிக்கும் இடத்திலிருந்து சாட்சியை ஒலி-ஒளி வாயிலாக விசாரிக்க வழி செய்கிறது. வீட்டுத் திண்ணையிலிருந்து கைபேசியில் பேசுவதன்று இது. சாட்சியின் அடையாளம் சரிபார்க்கப்படும். அருகிலிருந்து எவரும் விடை சொல்லித்தரக் கூடாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணையும் நேரில் நடப்பது போலவே நடைபெறும். இவ்வாறு சாட்சி சொல்ல விரும்புவோர் தம் வழக்கறிஞர் வாயிலாக நீதிமன்றத்தின் அனுமதியை முன்னதாகவே கோர வேண்டும். வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றோர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.