மாசி முடியுமுன் மணற்காடு: மேடேறப் போகிறவர்கள் கவனத்துக்கு

மாரி மழை ஓய்ந்துவிட்டது. வடமராட்சி கிழக்கின் மணல் மேடுகளில் கூட்டாளிமாரோடு ஏறியிறங்க இதுதான் காலம். பங்குனி பிறந்தால் காலை பத்து மணிக்கே மணல் உள்ளங்காலைச் சுடும். அதற்குப் பிறகு சோளகம் வந்து கண் திறக்க விடாது. மாசிக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிடுங்கள்.

குடாநாடு சுண்ணாம்புக்கல் தட்டை. கீரிமலைக்குப் போனால் கேணியில் நீராடலாம், ஏறுவதற்கு ஒன்றுமில்லை. வல்லிபுரம், மணற்காடு, அம்பன், நாகர்கோவில் என்று கடலோரமாக நீளும் மணல் மேடுகள்தான் நமக்கு வாய்த்த மலை. மாடிவீட்டு உயரம்தானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். சிவனொளிபாதமலைப் பருவம் வெசாக் வரை இருக்கிறது; அங்கே போக எண்ணியிருப்பவர்கள் முதலில் இங்கே காலைப் பழக்கலாம்.

காலை ஆறரைக்கே மேட்டடியில் நில்லுங்கள். பருத்தித்துறை – மருதங்கேணி வீதியில் குடத்தனை வரை வந்து கடற்பக்கம் திரும்பினால் மணற்காடு. மணலைக் காலால் கிளறிப் பாருங்கள்: மேலே வெள்ளையாக உலர்ந்திருக்கும், ஒரு சாண் கீழே மழையீரத்தில் கறுத்துக் கிடக்கும். அந்த ஈரம்தான் இப்போது கால் புதையாமல் தாங்குகிறது. நேரே ஏறாமல் சாய்வாக வளைந்து ஏறுங்கள். முன்னே போகிறவரின் அடித்தடத்திலேயே பின்னால் வருகிறவரும் மிதித்தால் பாதி களைப்பு மிச்சம். செங்குத்தான பக்கத்தில் பிள்ளைகளைக் குகை தோண்ட விடாதீர்கள். மணல் சரிந்து மூடினால் இழுத்தெடுப்பது கடினம்.

அடம்பன் கொடியையும் இராவணன் மீசையையும் மிதிக்காமல் வெறும் மணலில் நடவுங்கள். இராவணன் மீசையின் முனை ஊசிபோல் ஏறும். அதன் முள்ளுருண்டை காற்றில் உருண்டோடுவதைப் பார்க்கலாம், விதை பரப்பும் வேலை அது. மேட்டை மேடாக வைத்திருப்பவை இந்தச் செடிகள். இவை போனால் மணல் நகரும், மழைநீரைத் தேக்கி ஊர்க் கிணறுகளுக்கு நன்னீர் தரும் நிலமும் போகும். கள்ள மணல் அள்ளும் உழவு இயந்திரங்கள் செய்த கேடே போதும்.

சவுக்கங்காட்டுக்குள் அடுப்பு மூட்ட வேண்டாம். உதிர்ந்த சவுக்கிலை பொறி பட்டாலே பற்றும். சாப்பாட்டை வீட்டில் கட்டி வாருங்கள், தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றராவது. வெற்றுப் போத்தல்கள் உங்களோடு திரும்ப வேண்டும்.

சருகுக்கும் விறகுக்கும் அடியில் சுருட்டை விரியன் கிடக்கும். பார்க்காமல் கைவைக்காதீர்கள், இருட்டுமுன் இறங்கிவிடுங்கள். கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் 1990 அம்புலன்சை அழையுங்கள், இல்லாவிட்டால் கிடைத்த வாகனத்தில் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்கு. நாகர்கோவில் பக்கம் போர்க்காலத்தில் முன்னரங்கு. அங்கே ஆள் நடக்கும் பாதையை விட்டு விலகாதீர்கள், இரும்புத் துண்டு எதையும் தொடாதீர்கள்.

கடல் இன்னும் அடங்கவில்லை, வாடைக்கால அலை இழுக்கும். குளிப்பதைச் சித்திரைக்கு ஒத்திவையுங்கள். மணலில் புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயச் சுவர்களில் ஏறிப் படம் எடுப்பதைத் தயவுசெய்து விடுங்கள். அருகே 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இறந்தவர்களின் கல்லறைகள் உள்ளன. அவர்களின் உறவுகள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள், அங்கே பாட்டுப்பெட்டி வேண்டாம்.

திரும்பும் வழியில் வல்லிபுர ஆழ்வார் கோயில். வசப மன்னன் காலத்துப் பொன்னேடு 1936இல் கிடைத்தது இந்த வல்லிபுரத்தில்தான். உள்ளே போகிறவர்கள் காலில் ஒட்டிய மணலைக் கழுவிவிட்டுப் போங்கள். ஆண்கள் சேட்டைக் கழற்ற வேண்டிவரும், ஒரு வேட்டியும் பையில் இருக்கட்டும்.