சில மணி நேர மின்நிலையம்

மின்சாரம் குதிரில் கொட்டி வைத்து வேண்டும்போது அள்ளிக்கொள்ளும் நெல்லன்று. மக்கள் செலவிடும் அளவை அந்தந்த நொடியிலேயே மின்நிலையங்கள் கொடுத்தாக வேண்டும். நள்ளிரவில் தேவை குறையும். கோடைக்கால மாலையில் விளக்கும் குளிர்சாதனமும் ஒருங்கே இயங்க, தேவை உச்சத்திற்கு ஏறும். அந்தச் சில மணி நேரத்திற்காகவே அமைக்கப்படுவது உச்சநேர மின்நிலையம். ஆண்டின் பெரும்பகுதி அது ஓய்ந்திருக்கும். அழைத்தால் பத்து நிமிடங்களில் முழுவேகம் பெறும்.

இவ்வளவு விரைவு எப்படி வருகிறது? அதனுள் இருப்பது ஆகாய விமான எஞ்சினை ஒத்த வாயுச் சுழலியாகும். 'எல்.எம். 6000' என்னும் சுழலி, போயிங் 747 விமானங்களில் பயன்பட்ட எஞ்சின் வகையிலிருந்தே உருவாக்கப்பட்டது. காற்று உறிஞ்சப்பட்டு அழுத்தப்படுகிறது. அதில் இயற்கை வாயு கலந்து எரிகிறது. பொங்கியெழும் வெப்பக்காற்று சுழலியின் தகடுகளைச் சுழற்றுகிறது. சுழலி மின்னாக்கியை இயக்குகிறது.

வெளியேறும் காற்றின் வெப்பம் 400 பாகைக்கும் அதிகம். பெரிய நிலையங்களில் இவ்வெப்பத்தால் நீராவி உண்டாக்கி மீண்டும் மின்சாரம் எடுப்பர். அதற்குக் கொதிகலன் சூடாக நேரம் பிடிக்கும். உச்சநேர நிலையமோ விரைவுக்காக அந்த வெப்பத்தை வீணே விட்டுவிடுகிறது. எனவே எரிபொருளின் வெப்பத்தில் 100-க்கு 35 முதல் 40 பங்கே மின்சாரமாகிறது. பெரிய நிலையத்திலோ ஏறத்தாழ 60 பங்கு. ஒரு யூனிட்டிற்கு இங்கே சுமார் அரைக் கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது.

நிலக்கரியைப் போல் சாம்பல் இல்லை; கந்தகமும் மிகக் குறைவு. ஆயினும் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸிஜனோடு கூடி நைட்ரஜன் ஆக்ஸைடுகளாகிறது. இவை வெயிலில் ஓசோன் உருவாகக் காரணமாகி நுரையீரலை வாட்டும். இவற்றை அம்மோனியாவும் வினையூக்கியும் கொண்டு அடக்கலாம். ஆனால் வினையூக்கி சூடேறிய பின்னரே நன்கு வேலை செய்யும். அடிக்கடி நிறுத்தி இயக்கும் நிலையத்தில், ஒவ்வொரு தொடக்கத்திலும் சில நிமிடங்கள் புகை மிகுதியாகவே வெளியேறும்.

அப்புகை யார்மீது படிகிறது? கலிபோர்னியாவின் ஆக்ஸ்நார்டு நகரைப் பாருங்கள். பழத்தோட்டங்களில் உழைக்கும் எளிய குடும்பங்கள் அங்கே மிகுதி. கடற்கரையில் ஏற்கெனவே மூன்று மின்நிலையங்கள் இருந்தன. மேலும் 262 மெகாவாட் உச்சநேர நிலையம் ஒன்றை அமைக்கத் திட்டமிட்டபோது மக்கள் எதிர்த்தனர். 2017ஆம் ஆண்டு மாநில எரிசக்தி ஆணையத்தின் குழு, திட்டத்தை மறுக்கும்படி பரிந்துரைத்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. 2021ஆம் ஆண்டு அந்நகரில் மின்கலத் தொகுதி ஒன்று இயங்கத் தொடங்கியது. தேவை குறைந்த நேரத்தில் மின்சாரத்தைச் சேமித்து, உச்ச வேளையில் நான்கு மணி நேரம் 100 மெகாவாட் வழங்க வல்லது அது. நான்கு மணிக்கு மேல் தேவை நீண்டால் வேறு வழி தேட வேண்டும் என்பதும் உண்மையே.

சுற்றுச்சூழல் கேட்டின் சுமை ஏழைகள்மீதே மிகுதியாக விழுகிறது என்று 2015ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் தமது 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் எடுத்துரைத்தார். தோழியரே, உச்ச வேளையில் வீணாக எரியும் ஒரு விளக்கை அணைப்பது சிக்கனம் மட்டுமன்று. புகைபோக்கியின் அடியில் வாழும், நாம் முகம் காணாத அயலாருக்குச் செய்யும் பிறரன்புப் பணியுமாகும்.